எழுத்து என்று எழுதிய அலமாரி

எதிரணியில் யார் என்று தெரிந்திருந்தால் செண்பகவடிவு இந்நேரம் பாதி ஜெயித்திருப்பாள். பல்கலைக்கழகப் பட்டிமன்றம் என்றால் எதிரே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், முகம் தெரியும், எவனுக்கு வேர்க்கிறது எவள் தண்ணீர் குடிக்கிறாள் என்று பார்த்துவைத்துக்கொள்ளலாம், நடுவர் பக்கம் ஒரு சிரிப்பு, எதிரணிப் பக்கம் ஒரு குத்து, முடிந்தது கதை. இங்கே எதிரே இருப்பது ஒரு கதவு. பாதி திறந்த கதவு, அதில் ‘மாவட்ட நூலக அலுவலர்’ என்று பலகை, பலகைக்குப் பின்னாலிருந்து போனில் யாரிடமோ ‘சரிங்க சார், செஞ்சிரலாம் சார்’ என்கிற ஒரு குரல். சரிங்க சார் என்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ‘போன்ல இருக்காரு, உக்காரு, கூப்பிடுவாரு’ என்று மெர்சி அக்கா புத்தகம் கொடுக்கும் மேசையிலிருந்தே கையைக் காட்டிவிட்டாள். வடிவு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் கோடி வரைக்கும் தெரிகிறது: செய்தித்தாள் மேசைகள், அதற்கப்பால் சட்டம், மருத்துவம், வரலாறு, கடைசியில் ஜன்னலை ஒட்டி ‘இலக்கியம்’ என்று ஒன்றும் ‘எழுத்து’ என்று ஒன்றுமாக இரண்டு இரும்பு அலமாரிகள். அவற்றின் காலடியில் மடித்துப்போட்ட சாக்குகள். சாக்குகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததாலேயே பார்த்தாள். பல வருஷமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்களைக் கழித்துவிட வேண்டும், காலியாகிற இடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மேசை போட வேண்டும் என்று புதிதாக வந்திருக்கிற அலுவலர் சொல்லிவிட்டாராம். இன்றைக்குக் கட்டுவது, நாளைக்கு வண்டி. அதற்கு ஆபீஸ் பாஷையில் ‘கழிவு’ என்று பெயர். கழிவு! சாக்கடையில் ஓடுவதற்கும் அந்தப் பெயர்தான், புத்தகத்துக்கும் அந்தப் பெயர்தான். ஆரம்பமே இதுதான், இதை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஐயா, ஒரு சமூகம் எதைக் கழிவு என்கிறதோ அதைக்கொண்டே அந்தச் சமூகத்தை... ச்சே, மேடை. ‘சார், ஒரு நிமிஷம்’ என்று ஆரம்பித்தால் போதும். ஒரு நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்? வாதங்கள் வரிசையாக நின்றன. புத்தகத்துக்கு வயது கிடையாது. இலக்கியம் பயன்பாட்டுக் கணக்கில் அடங்காது. இந்த ஊரில் இன்னொரு நூலகம் இல்லை. எல்லாம் நல்ல வாதங்கள், கைதட்டு வாங்குகிற வாதங்கள். ஆனால் அந்தக் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்துபோகும்: ‘யாருமே எடுத்துட்டுப் போகலையேம்மா, யாரு படிக்கிறா இதை?’

அதுதானே, யார் படிக்கிறார்கள்? ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு வெறிச்சென்று இருக்கிறதாம், எடுத்துப் போனதற்கான முத்திரை ஒன்றுகூட இல்லாமல். இருக்காதா பின்னே? இந்த ஊரில் ஒரு பெண் சமையல் புத்தகம் எடுக்கலாம், கோலப் புத்தகம் எடுக்கலாம், பொது அறிவுப் புத்தகம் எடுத்தால் ‘நல்ல பிள்ளை’ என்பார்கள். கதை எழுதச் சொல்லித்தருகிற புத்தகத்தைக் கொண்டுபோய் மெர்சி அக்காவின் மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும், பின்னால் வரிசையில் எதிர்வீட்டு மாமா நிற்பார், டியூஷன் டீச்சர் நிற்பாள், அப்பாவோடு பணிமனையில் வேலை பார்க்கிறவர் நிற்பார், எல்லாருடைய கண்ணும் அட்டையில் விழும், ‘ஓஹோ’ என்று ஒரு வார்த்தை. அந்த ‘ஓஹோ’வுக்குப் பயந்துதான் எல்லாரும் நின்றுகொண்டே படித்தார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் இல்லை, மீசை வைத்த ஆம்பிளைகளும்தான். எழுத ஆசை என்பது இந்த ஊரில் உள்ளங்கால் அரிப்பு மாதிரி, எல்லாருக்கும் இருக்கும், நாலு பேர் முன்னால் யாரும் சொறிய மாட்டார்கள். சார், நாங்கள் நின்றுகொண்டே படிப்போம், அதனால் சீட்டில் முத்திரை விழாது. சரி. நாங்கள் என்றால்? நாங்கள் என்றால் யார்? அந்த இடத்துக்கு வந்ததும் வடிவின் நாக்கு ஒவ்வொரு ஒத்திகையிலும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துணைவேந்தர் அறைக்கு முன்னால் விடுதிச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டிப் பேசியவள். பஸ்ஸில் இடித்த ஆளை அவன் இறங்கும் வரை விடாமல் கேள்வி கேட்டவள். ‘வடிவு வாயைத் திறந்தா கோர்ட்டே எந்திரிச்சு நிக்கும்’ என்று விடுதியில் பெயர். அவளால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. வெறும் இரண்டு வார்த்தை. நான் எழுதுறேன். அவ்வளவுதான். மனசுக்குள் சொன்னாலே காது மடல் சுடுகிறது.

காது சுடும்போதெல்லாம் அந்த அலமாரியின் இரும்பு நினைவுக்கு வரும், சித்திரை வெயிலிலும் அது சில்லென்று இருக்கும், ஜன்னல் ஓரத்தில் இருந்தும் வெயில் அதன்மேல் விழாமல் வெளியே டிரான்ஸ்பார்மர் மறைத்துக்கொள்ளும். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் அம்மா அனுப்பினாள், ‘சுருக்கெழுத்துப் படிச்சா கோர்ட்டுல ஸ்டெனோ வேலை கிடைக்குமாம், சும்மா கெடக்காம போய்ப் பாரு’ என்று. வந்து தேடினாள். சுருக்கெழுத்து எங்கே இருந்தது? எழுத்து அலமாரியில். அங்கே இன்னும் என்னென்ன இருந்தது! கையெழுத்தை அழகாக்கும் பயிற்சிப் புத்தகம், தட்டெழுத்துப் புத்தகம், கல்வெட்டெழுத்து வாசிக்கக் கற்றுத்தரும் புத்தகம், பெயரில் எத்தனை எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒன்று, உயிரெழுத்து மெய்யெழுத்து இலக்கணம், எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் தலையெழுத்தை நீங்களே அறிந்துகொள்ள என்று ஒரு தடியான ஜோதிடம். எழுத்து என்று முடிகிற எதையும் விட்டுவைக்காமல் யாரோ ஒரு புண்ணியவான் வாரிக்கொண்டுவந்து ஒரே அலமாரியில் அடுக்கி, மேலே நீலப் பெயின்டில் ‘எழுத்து’ என்று எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யார், எந்தக் காலத்தில், தெரியாது. அன்றைக்கு வடிவுக்குச் சிரிப்பு, அப்புறம் கோபம். ஒரு நூலகத்தில் தலையெழுத்துக்கும் கையெழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதா, இதற்குத்தானா வரிப்பணம், யாரிடம் கேட்பது. கோபத்தோடு சுருக்கெழுத்துப் புத்தகத்தை உருவினாள், அது பக்கத்துப் புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. அட்டை போன புத்தகம். முதல் சில பக்கங்களும் இல்லை, அதனால் அதற்குப் பெயரில்லை, எழுதியவர் பெயரும் இல்லை. திறந்த பக்கத்தில், கதை எழுத நினைக்கிறவர் முதலில் தன் வீட்டு அடுப்படிக்குள் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். நூலகத்தின் பினாயில் வாடை போய் அம்மாவின் அடுப்படி வந்தது, வெந்த புளி, கருகின மிளகாய், ஈயம் போன பாத்திரத்தின் ஒரு வாடை, அதற்கும் அடியில், அப்பாவின் சட்டையிலிருந்து வருகிற டீசல், அம்மா அந்தச் சட்டையைத்தான் பிடிதுணியாக வைத்திருந்தாள். அது வடிவுக்குத் தெரியவே தெரியாது. தினமும் பார்த்திருக்கிறாள், தெரியாது. வெந்நீரை இறக்கும்போதெல்லாம் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இறக்குகிறாள். கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஜூஸ் கடை மிக்ஸி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிழை இல்லாவிட்டால், சுருக்கெழுத்து தொழிற்கல்வியிலும் கதையெழுத்து இலக்கியத்திலுமாக முறையாகப் பிரித்து வைத்திருந்தால், அவள் இந்நேரம் கோர்ட்டில் யாரோ சொல்வதை யாருக்காகவோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். அது கேவலம் என்று இல்லை. அவளுக்கு அது நடக்காமல் போயிற்று, அவ்வளவுதான். தப்பாக அடுக்கிய கை, யார் கையோ, நல்லா இருக்கணும் அந்தக் கை.

இன்னொன்று, ஓரங்களில் பென்சில். நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து அபராதம் போட வேண்டும் என்பதுதான் வடிவின் கட்சி, அதில் மாற்றமில்லை. ஆனால் அட்டை போன புத்தகத்தின் ஓரங்களில் ஒரு பட்டிமன்றமே நடந்துகொண்டிருந்தது. கதையில் வருகிற ஆள் அழும்போது எழுதுகிறவன் அழக் கூடாது என்று அச்சில் இருக்கும். பக்கத்தில் யாரோ ஒருவர் சாய்ந்த கையெழுத்தில் ‘பொய்’ என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே உருண்டை எழுத்தில் ‘உமக்கு எழுத வரலைன்னா அவர் பொய்யா?’ அதற்குக் கீழே சாய்ந்த கையெழுத்து மறுபடியும் வந்திருக்கும், இந்த முறை அழுத்தி: ‘அழுதுதான் பார்த்தேன். வந்தது.’ அந்த ‘வந்தது’வைப் பார்த்துக்கொண்டு வடிவு எவ்வளவு நேரம் நின்றாள்! அழுதிருக்கிறார். இந்த ஊரில் ஒருவர், காய்கறிச் சந்தையில் பை தூக்கிக்கொண்டு போகிறவர், அழுதபடி எழுதியிருக்கிறார், அதை இங்கே வந்து நின்று ஒரு புத்தகத்திடம் சொல்லியிருக்கிறார், வேறு ஆள் இல்லாமல். அதிலிருந்து அவள் தெருவில் எல்லாருடைய கையையும் பார்க்க ஆரம்பித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் ரசீது எழுதும்போது எழுத்து சாய்கிறதா? மருந்துக் கடைப் பெண் உருண்டையாக எழுதுகிறாளா? கண்டுபிடித்துவிடுவோமோ என்று ஆசை, கண்டுபிடித்துவிடுவோமோ என்று பயம். ஒருநாள் அவளும் பென்சிலை எடுத்தாள், கொள்கையெல்லாம் காற்றில் பறக்க, ‘இருவர் சொல்வதும் தவறு’ என்று எழுதினாள். என்ன தவறு என்று எழுத இடமில்லை, எழுதவும் தெரியவில்லை. அடுத்த முறை போனபோது உருண்டை எழுத்து பதில் சொல்லியிருந்தது: ‘வாங்க, வாங்க.’ அவ்வளவுதான். பந்தி வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவளை வாதத்துக்கு இழுத்திருக்கிறார்கள், வாங்க என்று கூப்பிட்டது அந்த ஒரு ஓரம்தான். இப்போது அந்த ஓரம் சாக்குக்குள் போகப்போகிறது, எடைக்கு. யாருக்கு யார் என்று தெரியாத அந்த இரண்டு பேரும் நாளைக்கோ மறுநாளோ வந்து ஜன்னலோரத்தில் புது மேசையைப் பார்த்துவிட்டு, எதையும் யாரிடமும் கேட்காமல், கேட்க முடியாமல், செய்தித்தாள் பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள். கேட்டால் ‘ஓஹோ’ வருமே.

இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று யோசித்தால் வடிவுக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றி என்பது ஒரு வார்த்தையா? வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாளா? அம்மாவிடம் காப்பி வாங்கிக்கொண்டு நன்றி என்று சொன்னால் ‘காய்ச்சலாட்டீ?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அது மேடை வார்த்தை, ‘நன்றி வணக்கம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்குவதற்கு, எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாள், ஒருதரமாவது யாருக்காவது நன்றியாக இருந்ததா? எதிரணியை மண்ணைக் கவ்வவைத்துவிட்டு நன்றி வணக்கம். வீட்டில் நன்றிக்கு வேறு முறை. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் பாயசம் வந்தால் கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பித் தர மாட்டாள் அம்மா. ஒரு கரண்டி சர்க்கரையாவது, நாலு முருங்கைக்காயாவது, ஒன்றுமில்லாத நாளில் கொஞ்சம் கல் உப்பாவது போட்டுத்தான் கிண்ணம் போகும். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது. சரி, அலமாரிக்கு எதைப் போட்டுத் தருவது? வாங்கியது கொஞ்சமா? பிடிதுணியைப் பார்க்கிற கண் அது கொடுத்தது. முதல் வருஷம் விடுதியில் அழுகை முட்டிய ராத்திரிகளுக்கு எல்லாம் ஏதோ ஒரு வாக்கியம் கொடுத்தது. இலக்கிய அலமாரியின் கீழ்த்தட்டில் யாரும் தொடாத பழைய மாத இதழ்களின் தைத்த தொகுப்புகள், அவற்றில் ஒரே ஒரு கதை எழுதி அப்புறம் எங்கே போனார்கள் என்றே தெரியாத பெண்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர்களை ஒவ்வொருத்தியாகப் படித்தாளே, அவர்கள் கொடுத்தது. மெர்சி அக்கா கொடுத்ததும் உண்டு. மூடுகிற நேரத்தில் அக்கா ஒவ்வொரு வரிசையாக லைட்டை அணைத்துக்கொண்டு வருவாள், ஜன்னலோரத்தை மட்டும் கடைசிக்கு விட்டுவிடுவாள். அங்கே வந்ததும் சாவிக்கொத்தைக் கொஞ்சம் அதிகமாகக் குலுக்குவாள், வடிவு புத்தகத்தைச் செருகிவிட்டு ஏதோ ஜன்னல் வழியாக ஊரை வேடிக்கை பார்த்தவள் போலத் திரும்பிக்கொள்ளும் வரை. ‘கெளம்பலாமா?’ என்பாள். என்ன படிக்கிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கும் நன்றி உண்டு, அதற்கு எந்தக் கிண்ணம்?

‘ஏட்டி, வடிவு! நீ எங்கட்டி இங்க?’

பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்தது. ரஹ்மத் நிஷா. பள்ளிக்கூடத்தில் அடுத்த பெஞ்சு, கணக்கில் முதல் மார்க், இரண்டு வருஷமாக அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள், மடியில் கனத்த பை, கையில் மடித்த தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

‘சும்மாதான்’ என்றாள் வடிவு.

‘சும்மா ஆபீஸர் ரூமு வாசல்ல உக்காந்திருக்கியாக்கும். யாரைக் கிழிக்க வந்த? சொல்லு. நான் வேணா தள்ளி உக்காருதேன், மேல தெறிக்கப்போவுது.’

‘நீ எதுக்கு வந்த, அதைச் சொல்லு.’

‘இடம் கேக்க. அந்தக் கடைசி ரெண்டு பீரோவையும் எடுக்காங்கள்ல, அங்க மேசை போடுதாங்களாம். போட்டா பயலுவ வந்து புடிச்சிருவானுவ, காலைல கதவு தொறக்கதுக்கு முன்னாலயே வந்து கைக்குட்டையைப் போட்டுட்டு டீ குடிக்கப் போற பயலுவ. அதான், பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒதுக்கிருங்க சார்னு சொல்லப்போறேன். என்னட்டி, மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?’

எதிரணி வந்துவிட்டது. முகம் தெரிகிற எதிரணி. வடிவுக்கு நியாயமாகத் தெம்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘அந்த பீரோவை எடுக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் நான் வந்தேன்’ என்றாள்.

ரஹ்மத் விசிறுவதை நிறுத்தினாள். ‘எதை? அந்தத் தலையெழுத்து பீரோவையா?’

‘அதில எல்லாம் இருக்கு.’

‘இருக்கட்டும், யாரு படிக்கா?’

‘சில பேரு.’

‘யாரு?’

‘...இருக்காங்க.’

‘வாயத் தொறந்தா மூடமாட்ட, இன்னைக்கு என்ன, மென்னு முழுங்குத? ஏட்டி, நீ படிக்கதுக்கு யூனிவர்சிட்டியில லைப்ரரி இருக்கு, மேல ஏ.சி. ஓடுது. நாங்க எங்க போவோம்? புஸ்தகத்துக்கு உள்ள இடம், எங்களுக்கு வெளிய இடமா?’

கைதட்டு வாங்குகிற வாதம். யோசித்துப் பேசியதுகூட இல்லை, வாயில் வந்தது. இதற்குப் பதில் வடிவிடம் உண்டு, மூன்று நாலு உண்டு, பிரச்சினை இடம் இல்லை ரஹ்மத், இடத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது, பயல்களின் கைக்குட்டையை எடுக்கத் துப்பில்லாமல் புத்தகத்தை எடுக்கிறார்கள், உன்னையும் என்னையும் மோதவிட்டு... எல்லாம் சரிதான். சரியாக இருந்தும் பேச மனம் வரவில்லை. ரஹ்மத்தின் முழங்கையில் வேர்க்குரு சிவந்து கிடந்தது. யார் என்று கேட்டாளே, யார் என்று. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, பத்து வருஷமாகத் தெரிந்த ஒருத்தியிடமே சொல்ல முடியாததை உள்ளே இருக்கிற சரிங்க சாரிடம் எப்படிச் சொல்வாள்? சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்பாவின் காதுக்குப் போகும். போகட்டுமே. மூலைத் தெருவில் கவிதை எழுதுகிற ஒரு தம்பியைப் பற்றி அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘பாவம், நல்லாத்தான் இருந்தான்’ என்று சொல்லியிருக்கிறார், நோயில் விழுந்தவனைச் சொல்கிற மாதிரி, கோபமே இல்லாமல். அந்தப் ‘பாவம்’தான் பயம். திட்டினால் திருப்பித் திட்டலாம், பாவம் என்றால் என்ன செய்வது. அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதை அவள் நேராகப் பார்ப்பதில்லை: எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டால் எழுத வேண்டும். நன்றாக எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் என்ன? எல்லாக் கதையிலும் ஒரு பெண் நியாயம் பேசுவாள், எல்லாருடைய வாயையும் அடைப்பாள், கடைசியில் விறுவிறுவென்று நடந்து போவாள். வடிவுதான், வேறு வேறு பெயரில், வேறு வேறு சேலையில். ஒருத்திகூட அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னதில்லை. கேட்கிறவன் ‘என்ன எழுதுற?’ என்றால் எதைக் காட்டுவது?

‘உள்ள வரச் சொல்லுதாரு’ என்றாள் மெர்சி அக்கா. ‘ரெண்டு பேரும் சேந்தே போங்க, அவருக்கு மீட்டிங் இருக்காம்.’

அறைக்குள் அலுவலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கின் இரண்டு பக்கத்தையும் அழுத்திக்கொண்டிருந்தார். வில்லனாக இருப்பார் என்று நினைத்திருந்தாள், பாதி ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே தூங்கி வந்தவர் போல இருந்தார். பெயர்ப்பலகையில் தனுஷ்கோடி. ‘சொல்லுங்கம்மா’ என்றார். ரஹ்மத் சொன்னாள், சுருக்கமாக, தடுமாறாமல். அவர் தலையாட்டினார். ‘நியாயந்தான். நீங்க?’

‘சார், ஒரு நிமிஷம்’ என்றாள் வடிவு. ‘அந்த ரெண்டு அலமாரியையும் கழிக்கக் கூடாது சார்.’

‘ஏம்மா? யாருமே எடுத்துட்டுப் போகலையே. யாரு படிக்கிறா அதை?’

வந்துவிட்டது. வார்த்தை பிசகாமல் வந்துவிட்டது. மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் ‘டொக்’ என்றது. வாதங்களெல்லாம் வரிசை கலைந்து கதவைப் பார்த்து ஓடின. ஜன்னலோரத்தின் சில்லென்ற இரும்பு கைக்குப் பட்டது போல் இருந்தது. அழுதுதான் பார்த்தேன், வந்தது, என்று ஒருவர் அங்கே சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டவள் இந்த அறையில் இவள் ஒருத்திதான்.

‘நான் படிக்கிறேன் சார்’ என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை, தணிந்து, கொஞ்சம் கரகரத்து. ‘நின்னுக்கிட்டே படிப்பேன். எடுத்துட்டுப் போக வெக்கம். இன்னும் சில பேரு இருக்காங்க, அவங்களுக்கும் வெக்கம். நான்... கதை எழுதுறேன் சார். அங்கதான் கத்துக்கிட்டேன். என்கிட்ட இருக்கிறதெல்லாம் அங்க வாங்கினது.’

யாரும் ‘ஓஹோ’ சொல்லவில்லை. ரஹ்மத் தலையைத் திருப்பி, முதல்தடவை பார்ப்பவள் போல, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அலுவலர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

‘புஸ்தகம் எதும் வந்திருக்கா?’

‘இல்ல சார். எதுலயும் வரல.’

‘ம்’ என்றார். கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு அந்தப் ‘பாவம்’ வருவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ‘சரி. ரெண்டு பேரும் இதை எழுதிக் குடுங்க’ என்றார். ‘வாயில சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மனு வந்துட்டா முடிவாகுற வரைக்கும் யாரும் அதுமேல கை வைக்க முடியாது. ரெண்டையும் வச்சுக்கிட்டு நானே போய்ப் பாக்கறேன். எது நியாயமோ அது. மெர்சிம்மா, அந்தச் சாக்கை இப்போதைக்கு எடுத்து உள்ள போடச் சொல்லுங்க.’

எழுதிக் குடுங்க. எந்த ஆபீஸில் போய் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அப்பாவின் பென்ஷன் கணக்கு, குடிநீர்க் குழாய், மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் எழுதிக் குடுங்க, கேட்டாலே வடிவுக்கு ரத்தம் கொதிக்கும். இன்றைக்குக் கொதிக்கவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ இளகிப்போய், சிரித்துவிடுவோமோ அழுதுவிடுவோமோ என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். மெர்சி அக்கா கேட்காமலே வெள்ளைத் தாள்கள் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள், அடியில் வைத்து எழுத ஒரு பழைய அட்டையும். வைத்துவிட்டு ஒரு நொடி நின்றாள். ‘ஜன்னல் பக்கம் போய் எழுதுங்களேன், வெளிச்சம் இருக்கும்’ என்றாள், போய்விட்டாள்.

இரண்டு பேரும் போனார்கள். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார்கள். ரஹ்மத் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளை வடிவின் பக்கம் தள்ளினாள்.

‘எழுதுறவ நீதான. எனக்கும் சேத்து எழுது.’

‘நானா? ஏட்டி, உன் மனு ஜெயிச்சா இந்த பீரோ போயிரும்.’

‘தெரியும். அதுக்காகத் தப்பா எழுதிருவியா?’

இல்லை. தப்பாக எழுத முடியாது. சுமாராக எழுதலாம், ‘பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதினால் எந்த அலுவலரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார், யாரும் குறை சொல்லவும் முடியாது. அந்த எண்ணம் வந்தது. வந்து, கொஞ்சம் நின்று, தானே வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டது. முதுகுக்கு அலமாரி சாய்மானம் கொடுத்தது, உள்ளே அத்தனை பேரும் இருந்தார்கள், ஒரு கதையோடு காணாமல் போனவர்களும் ஓரத்தில் அழுதவரும். அவர்களை முதுகில் வைத்துக்கொண்டு சுமாராக எழுத முடியாது.

‘நீங்கல்லாம் இப்ப எங்க உக்காருதீங்க?’ என்று கேட்டாள்.

‘சைக்கிள் ஸ்டாண்டுல. அதெல்லாம் எதுக்கு? இடம் வேணும்னு போடு.’

‘சொல்லேன். எப்பிடி இருக்கும்?’

‘எப்பிடி இருக்கும்? தகரக் கூரை, மத்தியானம் கொதிக்கும். வேர்வை சொட்டித் தாள் நனைஞ்சிரும். அதுகூடப் பரவால்ல.’ ரஹ்மத் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். ‘எவனாவது வண்டி எடுக்க வருவான். நாங்க பையைத் தூக்கிட்டு எந்திரிக்கணும். அவன் எடுத்துட்டுப் போனதும் உக்காரணும். அப்புறம் அடுத்தவன் வருவான். ஒரு கணக்கை முழுசாப் போட்டதில்லட்டி நான் அங்க. பாதியில எந்திரிப்பேன். வந்து உக்காந்தா எது பாதின்னு தெரியாது.’

வடிவு தாளை அட்டைமேல் வைத்து நேராக்கினாள். பதில் சொல்லத் தோன்றவில்லை என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. அனுப்புநர் போட்டாள், ரஹ்மத்தின் பெயர், ரஹ்மத்தின் வாப்பா பெயர், ரஹ்மத்தின் தெரு. பெறுநர் போட்டாள். ஐயா என்று எழுதி ஒரு கால்புள்ளி வைத்தாள். பேனா அங்கே நின்றது. இத்தனை நாளும் ‘நான்’ என்று எழுதினால் அது வடிவு மட்டுமாகத்தான் இருந்தது. தகரச் சூடு தலையில் இறங்கியது, யாரோ சாவியை ஆட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது, மடியில் ஒரு கணக்கு பாதியில் நின்றது. எழுதினாள்.

‘என்ன போட்டிருக்க, படி’ என்றாள் ரஹ்மத்.

‘ஐயா, ஒவ்வொருவர் வண்டி எடுக்கும்போதும் நான் எழுந்து நிற்கிறேன்.’

ரஹ்மத் விசிறிக்கொண்டிருந்த தாளை மடியில் வைத்தாள். எட்டி அந்த வரியைத் தானே ஒருதரம், உதடு மட்டும் அசைய, படித்துப் பார்த்தாள்.

‘மேல எழுது’ என்றாள்.